மேஈயின் இலக்கணம் சரிதானா?

மேஈ என்றால் என்ன என்று யாராவது உங்களைக் கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? பூச்சியியலை அறிமுகப்படுத்தும் நூல்கள் பலவற்றிலும் ஏறத்தாழ ஒரே விடைதான் காணப்படுகிறது. மேஈக்கு இரண்டு இணைச் சிறகுகள் உண்டு. உடலின் முடிவில் மூன்று வால் இழைகள் உண்டு. முதிர்ந்த பூச்சி ஒரே நாள் வாழ்ந்து மடியும். அதன் இளவுயிரி தூய்மையான ஓடும் நீரில் வளரும். தேர்வுத் தாளில் இந்த நான்கையும் எழுதிவிட்டால் மதிப்பெண் வந்துவிடும்.

ஆனால் புத்தகத்தை மூடிவிட்டுத் தாம்பரத்துக்கு அருகில் உள்ள ஏதாவது ஓர் ஏரிக்கரைக்குப் போங்கள். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்கரணை, சிட்லபாக்கம் என்று இப்பகுதியில் ஏரிகளுக்குக் குறைவில்லை. இத்தகைய சமவெளி நீர்நிலைகளில் நீங்கள் சந்திக்கக்கூடிய மேஈக்களுள் முதன்மையானது பீட்டிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் குளோயான் என்ற பேரினத்தைக் கையில் எடுத்து, நூல் சொல்லும் நான்கு இலக்கணங்களையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். நான்குமே இடறுகின்றன! பிழை பூச்சியிடம் இருக்க முடியாது. எனவே இலக்கணத்தைத்தான் நாம் சோதித்தாக வேண்டும்.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

முதலில் பெயரைப் பார்ப்போம். ஐரோப்பாவில் வசந்தம் முடியும் காலத்தில், மே மாதத்தை ஒட்டி, பெரிய உருவமுள்ள சில இனங்கள் ஆற்றிலிருந்து கூட்டங்கூட்டமாக வெளிவருகின்றன. அதனால் அங்கே 'மே' என்ற அடைமொழி பொருந்தும். நமக்கு மே மாதம் என்றால் கத்திரி வெயில். வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி கார்த்திகையில் நிறைந்த ஏரிகள் அப்போது சுருங்கிக் கிடக்கும். வெப்ப நாடுகளில் பல மேஈ இனங்கள் ஆண்டில் ஒரு தலைமுறையோடு நிற்பதில்லை. நீர் இருக்கும் மாதங்களில் தலைமுறை தலைமுறையாகத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

பெயரின் பின்பாதியான 'ஈ' என்பதும் பொருந்தவில்லை. உண்மையான ஈக்கள் வேறு ஒரு வரிசையைச் சேர்ந்தவை. மேஈக்கள் எபிமெராப்டிரா என்னும் தனி வரிசை. நம்மவர்களில் சிலர் இதை ஈசல் என்றும் எண்ணிவிடுகிறார்கள். ஈசல் என்பது கறையான் புற்றிலிருந்து கிளம்பும் சிறகு முளைத்த கறையான். அதற்கு ஒரே அளவிலான நான்கு சிறகுகள் இருக்கும். தரையில் இறங்கியதும் அவற்றை உதிர்த்துவிடும். மேஈ தன் சிறகை உதிர்ப்பதில்லை. ஓய்வாக அமரும்போது அதைப் பட்டாம்பூச்சி போல முதுகின்மேல் செங்குத்தாக நிறுத்தி வைத்திருக்கும்.

பாடநூல்கள் சரியாகச் சொல்வதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இளவுயிரி நீரில் வாழ்வதும், அதன் வயிற்றுப் பகுதியில் செவுள்கள் இருப்பதும், முதிர்ந்த பூச்சியின் வாயுறுப்புகள் உண்ணும் திறனை இழந்திருப்பதும் எல்லா மேஈக்களுக்கும் பொதுவானவை. சிறகு முளைத்துப் பறக்கத் தொடங்கிய பிறகும் ஒருமுறை தோலுரிப்பது இவற்றின் தனிச்சிறப்பு. நீரைவிட்டு வெளிவரும் பூச்சி முதலில் மங்கலான சிறகுடன் காட்சியளிக்கும். இதை முன்முதிர் நிலை என்று கூறலாம். சில மணி நேரத்தில், அல்லது ஓர் இரவு கழிந்து, மீண்டும் தோலுரித்துக் கண்ணாடி போன்ற சிறகு பெறும். இன்று வாழும் பூச்சி வரிசைகளில் இப்படிச் சிறகோடு தோலுரிக்கும் வழக்கம் வேறு எதற்கும் இல்லை. தேர்வில் முதலில் எழுத வேண்டிய இலக்கணம் இதுவே.

சிறகும் வாலும்

இனி முதல் இலக்கணத்துக்கு வருவோம். பீட்டிடே குடும்பத்தில் பின்சிறகு மிகச் சிறியதாகக் குறுகிவிட்டது. பல பேரினங்களில் அது அறவே இல்லை. குளோயானுக்கு முன்சிறகு ஓர் இணை மட்டுமே உண்டு. இது ஏதோ அண்மைக் காலக் கண்டுபிடிப்பு என்று எண்ணாதீர்கள். உயிர்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ், 1761-ஆம் ஆண்டிலேயே ஒரு மேஈக்கு 'டிப்டெரா' என்று சிற்றினப் பெயர் இட்டார். 'இரு சிறகுடையது' என்பது அதன் பொருள். அதுதான் இன்று குளோயான் டிப்டெரம் என்று வழங்குகிறது. பெயரிலேயே எழுதிவைத்த விலக்கு, இரண்டரை நூற்றாண்டுக்குப் பின்னும் பல நூல்களின் இலக்கணத்தில் ஏறவில்லை என்பது வியப்பல்லவா?

இரண்டாவது இலக்கணம் மூன்று வால்கள். குளோயானின் இளவுயிரிக்கு மூன்று வால் இழைகள் உண்மையாகவே உண்டு. ஓரங்களில் மயிர் அடர்ந்த அந்த வாலை மேலும் கீழும் அடித்து, சிறிய மீன் குஞ்சு போலப் பாய்ந்து நீந்தும். ஆனால் முதிர்ந்த பூச்சியில் நடு இழை மறைந்து இரண்டு வால்களே எஞ்சுகின்றன. ஆக, இளமையில் மூன்று, முதுமையில் இரண்டு. எந்தப் பருவத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் வால்களை எண்ணுவதில் பயனில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஏரி நீரில் மூன்று வால் போலத் தோன்றும் இன்னொரு பூச்சியும் உண்டு. அது ஊசித்தும்பியின் இளவுயிரி. அதன் உடல் நுனியில் இருப்பவை இலை போலத் தட்டையான மூன்று செவுள்கள். மேஈயின் செவுள்களோ வயிற்றின் இரு பக்கங்களிலும் வரிசையாக அமைந்திருக்கும். குளோயானில் ஏழு இணைகள் உண்டு. வெள்ளைத் தட்டில் நீர் ஊற்றி அதில் விட்டுப் பார்த்தால் அவை படபடவென்று துடிப்பது தெரியும்.

ஒரு நாள் வாழ்வா?

மூன்றாவது இலக்கணம் கவிஞர்களுக்கும் பேச்சாளர்களுக்கும் மிகவும் பிடித்தமானது. பிறந்த அன்றே இறந்துபோகும் உயிர் என்று மேஈயைக் காட்டி நிலையாமையை எடுத்துரைப்பார்கள். உண்மையில் மேஈ பிறப்பது முட்டையிலிருந்து. இனத்தையும் நீரின் வெப்பத்தையும் பொறுத்து, நீருக்குள் சில வாரங்களோ பல மாதங்களோ வளர்ந்து, பலமுறை தோலுரித்த பின்னரே அது வானத்தைப் பார்க்கிறது. சிறகு வாழ்வு மட்டுமே குறுகியது.

அந்தச் சிறகு வாழ்வும் எல்லாவற்றிலும் ஒரு நாள் என்று சொல்வதற்கில்லை. குளோயான் டிப்டெரத்தின் பெண் பூச்சி, புணர்ச்சிக்குப் பின் ஏறத்தாழ இரண்டு வாரம் உயிரோடு இருக்கிறது. உணவு இல்லை, நீரும் இல்லை. முட்டைகளைத் தன் உடலுக்குள்ளேயே வைத்து வளர்த்துக்கொண்டு, செடிகளுக்கிடையே அசையாமல் காத்திருக்கிறது. கரு முதிர்ந்ததும் நீர்ப்பரப்புக்கு வந்து முட்டைகளை விடுகிறது. அவை நீரைத் தொட்ட சில நிமிடங்களுக்குள் பொரிந்து குஞ்சுகள் நீந்தத் தொடங்குகின்றன. தாயின் இரண்டு வார உண்ணாநோன்பு, முட்டைகள் நீருக்கடியில் பகைவரிடம் சிக்கிக் கிடக்கும் காலத்தை இல்லாமல் செய்துவிடுகிறது. 'ஒருநாள் பூச்சி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதால் இப்படிப்பட்ட அருமையான வாழ்க்கை வரலாறு மாணவர் கண்ணில் படாமலே போகிறது.

அப்படியானால் இக்குடும்பத்தின் அடையாளம் எது?

சிறகின் எண்ணிக்கை உதவாது, வாலும் உதவாது என்றால், பீட்டிடே குடும்பத்தை எதைக்கொண்டு அறிவது? மூன்று அடையாளங்களை நினைவில் வையுங்கள்.

முதலாவது, சிறகு நரம்பு. கைலென்ஸ் கொண்டு முன்சிறகைப் பாருங்கள். சாதாரணமாகக் கிளை நரம்பு தன் தாய் நரம்போடு இணைந்திருக்க வேண்டும். இக்குடும்பத்தில் சிறகின் நடுப்பகுதியில் உள்ள சில நரம்புகளின் அடிமுனை எதனோடும் ஒட்டாமல், மரத்திலிருந்து ஒடித்து அருகில் வைத்த கிளை போலத் தனித்து நிற்கும். சிறகின் வெளி ஓரத்தில் மிகக் குட்டையான இடைநரம்புகளும் தெரியும். பீட்டிஸ் பேரினத்தில் இவை இரண்டிரண்டாக இருக்கும். குளோயானில் ஒவ்வொன்றாக இருக்கும்.

இரண்டாவது, ஆணின் கண். ஒவ்வொரு கூட்டுக்கண்ணும் இரண்டாகப் பிரிந்து, மேல்பாதி உயர்ந்து அகன்று, தலையில் முண்டாசு கட்டியது போல நிற்கும். மாலையில் ஆண்கள் கூட்டமாக மேலும் கீழும் பறந்து நடனமிடும்போது, மேலே வானத்தின் பின்னணியில் வரும் பெண் பூச்சியைக் காண இந்த மேல்நோக்கிய கண் துணைசெய்கிறது. குளோயானின் இந்தக் கண் புற ஊதாக் கதிர்களை உணரவல்லது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பெண்ணின் கண்கள் சாதாரணமானவை.

மூன்றாவது, இளவுயிரியின் வடிவம். தட்டையாகப் பாறையோடு ஒட்டியிராமல், உருண்டு நீண்ட உடலும், கீழ்நோக்கிய வாயும், நீண்ட உணர்கொம்புகளும் கொண்டிருக்கும். முழு வளர்ச்சி பெற்றாலும் வாலை நீக்கி அளந்தால் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது.

உலகில் இதுவரை 3,500-க்கு மேற்பட்ட மேஈச் சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 1,000-க்கு மேற்பட்டவை பீட்டிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. அதாவது, நான்கில் ஒரு பங்குக்கு மேல். இத்தனை பெரிய குடும்பத்தை விலக்கு என்று ஒதுக்கிவிட்டு எழுதப்படும் இலக்கணம் எப்படி இலக்கணமாகும்?

வகைப்பாடு நடந்துவந்த பாதை

இந்த வழுவுக்கு வரலாற்றுக் காரணம் ஒன்றும் உண்டு. பீட்டிடே என்ற குடும்பப் பெயரை லீச் என்ற ஆங்கிலேயர் 1815-இல் உருவாக்கினார். எனினும் 1883 முதல் 1888 வரை ஈட்டன் என்ற பாதிரியார் வெளியிட்ட மாபெரும் நூலில், அன்று அறியப்பட்ட மேஈக்கள் அனைத்தும் எபிமெரிடே என்ற ஒரே குடும்பமாகவே வைக்கப்பட்டன. 65 படத்தட்டுகள் கொண்ட அந்நூலின் பெருமை, சிறகோடு நில்லாமல் இளவுயிரிகளையும் அருமையாக வரைந்து காட்டியதில் இருக்கிறது. நம் பகுதியின் மேஈக்களும் அக்காலத்திலேயே ஐரோப்பியரின் பார்வைக்குச் சென்றுவிட்டன. ஹேகன் என்ற ஜெர்மானியர் 1858-இல் இலங்கைப் பூச்சிகளைப் பற்றி எழுதியபோது விவரித்த ஒன்று, இன்று குளோயான் மார்ஜினாலே எனப்படுகிறது.

1935-இல் அமெரிக்காவில் நீதாம், டிரேவர், சூ ஆகிய மூவர் எழுதிய நூல் மேஈக்களை மூன்றே குடும்பங்களாகப் பிரித்தது. அதில் பீட்டிடே என்பது மிக அகன்ற ஒரு கூடாரம். இன்று தனித்தனிக் குடும்பங்களாக உள்ள பலவும் அதற்குள் அடைக்கப்பட்டிருந்தன. பின்னர் எட்மண்ட்ஸ் முதலியோர் 1950-களிலிருந்து அக்கூடாரத்தைப் பிரித்து, ஒரே மூதாதையரிடமிருந்து வந்தவற்றை மட்டும் ஒரு குடும்பமாக வைக்கத் தொடங்கினார்கள். ஆகவே பழைய நூல் ஒன்றில் பீட்டிடே என்று படித்தால், அது எந்த ஆண்டில் அச்சானது என்று பாருங்கள். பெயர் அதே பெயர்; ஆனால் அது சுட்டும் பூச்சிகள் வேறு.

சிறகை எண்ணி வகைப்படுத்துவதன் ஆபத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பின்சிறகு இல்லாமல், ஓரத்து இடைநரம்புகள் இரண்டிரண்டாக உள்ள பூச்சிக்காகக் கிளபாலெக் என்பவர் 1905-இல் சூடோகுளோயான் என்ற பேரினத்தை அமைத்தார். அதன்பின் உலகின் பல பாகங்களில் கிடைத்த இரு சிறகுப் பூச்சிகளை அறிஞர்கள் அப்பெயருக்குள் போட்டு நிரப்பினார்கள். 1980-களில் வால்ட்ஸ், மெக்காஃபர்ட்டி ஆகியோர் இளவுயிரிகளின் உறுப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவற்றுள் பல ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவற்றவை என்று தெரிந்தது. பின்சிறகு வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாகப் பலமுறை மறைந்திருக்கிறது! இல்லாத ஒன்றை மட்டும் வைத்து உறவைத் தீர்மானிக்கக் கூடாது என்பதே இதன் பாடம்.

தமிழ்நாட்டிலும் இத்துறையில் சிறந்த பணி நடந்துள்ளது. மதுரையைச் சேர்ந்த கே. ஜி. சிவராமகிருஷ்ணன் 1984-இல் குற்றாலத்திலிருந்து பீட்டர்சுலா கோர்ட்டாலென்சிஸ் என்ற புதிய பேரினத்தையும் சிற்றினத்தையும் விவரித்தார். அது லெப்டோஃபிளீபிடே என்னும் வேறு குடும்பம். மலையருவிகளில் வாழும் அக்குடும்பத்துக்கு இரண்டு இணைச் சிறகு, மூன்று வால், தூய ஓடுநீர் என்ற பாடநூல் இலக்கணம் பெரும்பாலும் பொருந்தும். குற்றாலத்தில் பொருந்துவது தாம்பரத்தில் ஏன் பொருந்தவில்லை என்று கேட்கும் மாணவரே வகைப்பாட்டியலின் வாசலைத் தொட்டவர்.

தூய நீரின் சான்றிதழா?

இனி நான்காவது இலக்கணம். முதல் மூன்றிலும் பிழை செய்தால் மதிப்பெண் குறையும், அவ்வளவே. இதில் பிழை செய்தால் ஓர் ஏரியைப் பற்றித் தவறான தீர்ப்பு சொல்லிவிடுவோம்.

மேஈ இருந்தால் நீர் தூய்மையானது என்ற வாக்கியம் சுற்றுச்சூழல் பற்றிய நூல்களில் அடிக்கடி வருகிறது. தாம்பரம் பகுதி ஏரிகள் பலவற்றைச் சுற்றி இன்று வீடுகள் நெருங்கிவிட்டன. கழிவுநீர் கலப்பது தீராத சிக்கலாக இருக்கிறது. இப்பகுதி ஏரிகள் பலவற்றின் உபரிநீர் இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. அச்சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இந்நிலையில் ஒரு மாணவர் குழு ஏரியில் வலை வீசி, பத்துப் பதினைந்து குளோயான் இளவுயிரிகளைப் பிடித்து, நூலில் உள்ளபடி நீர் தூய்மையானது என்று அறிக்கை எழுதினால் என்ன ஆகும்? கழிவுநீர்க் குழாய்க்குப் பூச்சியே சான்றிதழ் கொடுத்ததாகிவிடும்!

குளோயான் ஏன் அத்தகைய சான்றிதழ் தர இயலாது என்பதை 1939-இல் விங்ஃபீல்ட் செய்த ஆய்வு விளக்குகிறது. அவர் வெவ்வேறு இடங்களில் வாழும் மேஈ இளவுயிரிகளின் செவுள்களை நீக்கி, பிராணவாயு உட்கொள்ளும் அளவை ஒப்பிட்டார். ஓடைவாசியான பீட்டிஸுக்குச் செவுள் நீங்கியதால் வேறுபாடு ஏற்படவில்லை. குளத்துவாசியான குளோயானில், நீரில் பிராணவாயு குறைந்தபோது செவுளுள்ள இளவுயிரி நன்கு தாக்குப்பிடித்தது, செவுளற்றது திணறியது. செவுள்கள் விசிறி போல அசைந்து உடலைச் சுற்றிப் புதுநீரை ஓட்டுவதே காரணம். ஓடை நீர் தானே ஓடுகிறது. தேங்கிய நீரில் பூச்சியே ஓட்டத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே குளோயான் பிராணவாயு குறைந்த நீரையும் ஓரளவு பொறுத்துக்கொள்கிறது.

இங்கிலாந்தில் 1976-இல் அமைக்கப்பட்ட ஒரு பணிக்குழு, நீர்வாழ் சிற்றுயிர்களின் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்தது. மாசைத் தாங்கமுடியாத குடும்பத்துக்கு 10. பாறைகளோடு ஒட்டி வாழும் ஹெப்டஜெனிடே என்ற மேஈக் குடும்பம் 10 பெற்றது. கீனிடே குடும்பம் 7 பெற்றது. பீட்டிடே பெற்றது 4 மட்டுமே! மேஈக்கள் அனைத்தும் ஒரே தரம் என்ற கருத்தை அந்த அட்டவணையே மறுத்துவிடுகிறது.

அந்த முறையிலும் குறை உண்டு. பீட்டிஸும் குளோயானும் வாழும் விதத்தில் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்த்தோம். ஆனால் ஒரே குடும்பம் என்பதால் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். மேலும் அது குளிர்நாட்டு ஆறுகளுக்காக வகுக்கப்பட்டது. அதை நம் வெதுவெதுப்பான ஏரிகளுக்கு அப்படியே பொருத்தினால் எதிர்த்திசையிலும் தவறு நேரும். எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் சமவெளி ஏரியின் சேற்றடியில் ஹெப்டஜெனிடே வாழப்போவதில்லை; அதற்கு ஓடும் நீரும் பாறையும் வேண்டும். அது இல்லை என்பதால் ஏரி கெட்டுவிட்டது என்று சொல்வதும் அநீதியே.

எப்படி எழுத வேண்டும்?

குறை சொன்னால் மட்டும் போதாது. மாற்றும் சொல்ல வேண்டும். பாடநூல் எழுதுவோர் இப்படிச் சொன்னால் போதுமானது: மேஈயின் இளவுயிரி நீரில் வாழும், வயிற்றின் பக்கங்களில் செவுள்கள் உண்டு. சிறகு பெற்ற பின்னும் ஒருமுறை தோலுரிக்கும். முதிர்ந்த பூச்சி உண்ணாது. சில நிமிடங்கள் முதல் இரண்டு வாரம் வரை வாழும். முன்சிறகு பெரியது, பின்சிறகு சிறியதாகவோ இல்லாமலோ இருக்கும். முதிர்ந்த பூச்சிக்கு வால் இரண்டோ மூன்றோ இருக்கும். அருவி முதல் ஏரி வரை பலவகை நீரில் வாழும். எந்தக் குடும்பம், எந்தப் பேரினம் என்று அறிந்த பின்பே நீரின் தரத்தைப் பற்றி அதனிடம் கேட்க வேண்டும்.

வாசகர்களே, இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு டீ வடிகட்டி, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு கைலென்ஸ், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஆழமில்லாத கரையோரச் செடிகளுக்கிடையே வடிகட்டியை ஓட்டிப் பாருங்கள். கையை நன்றாகக் கழுவ மறக்காதீர்கள். பிடித்ததில் எத்தனை செவுள், எத்தனை வால், உணர்கொம்பின் நீளம் என்ன என்று படம் வரைந்து குறியுங்கள். தேதி, இடம், நீரின் நிறம், மணம் ஆகியவற்றையும் எழுதுங்கள். பிறகு உயிரை நீரிலேயே விட்டுவிடுங்கள். கழிவுநீர் சேரும் மூலையிலும், அதற்கு எதிர்க் கரையிலும் தனித்தனியே எடுத்து, மேஈயோடு வேறு என்னென்ன உயிர்கள் இருந்தன என்றும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பூச்சியின் சாட்சியைவிட ஒரு கூட்டத்தின் சாட்சி வலிமையானது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது இங்கே சுற்றிலும் புதர்க்காடும் ஏரிகளும்தான். இன்று வீதிகள் நெருங்கிவிட்டாலும், மழை முடிந்த மாலைகளில் ஏரிக்கரை விளக்கின் கீழே இரண்டு வாலும் ஓர் இணைச் சிறகும் கொண்ட ஒரு சிறு பூச்சி வந்து அமரக்கூடும். அப்போது நூலையும் பூச்சியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால், திருத்தப்பட வேண்டியது எது என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.